பதினொன்று நான்கானது

3.3.2003 — முதல் மாதிரி. மொத்தம் 1.
31.12.2010 — மாதிரிகள் 412. ஓநாய்கள் 4.
31.12.2012 — மாதிரிகள் 561. ஓநாய்கள் 7.
31.12.2014 — மாதிரிகள் 738. ஓநாய்கள் 11.
20.1.2015 — ஓநாய்கள் 5. கலப்பு 6.
26.2.2015 — ஓநாய்கள் 4. கலப்பு 0.

இந்த எழுநூற்று முப்பத்தெட்டு மாதிரிகளும் ஒரே பெண் குனிந்து எடுத்தவை. வனத்துறைக் கிளை அலுவலகத்தில் களப்பணியாளர். எடுத்ததையெல்லாம் காகிதக் கவரில் போட்டு ஒட்டுவதால் அவருக்குக் ‘கவர் அக்கா’ என்று பெயர் விழுந்தது. ரேஞ்சர் முதல் தபால் நிலையம் வரை எல்லோருக்கும் அவர் கவர் அக்காதான். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொன்னால் அவரே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவார்.

அவர் எடுத்தது ஓநாயின் எச்சம். புதர்க்காட்டுக்குள் மண்பாதைகளில் தினமும் பதினாறு கிலோமீட்டர் நடப்பார். எச்சம் கண்டால் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுப்பார். புதுக் கையுறை மாட்டுவார். எச்சத்தின் மேல்தோலில் ஓநாயின் குடலிலிருந்து உரிந்த செல்கள் ஒட்டியிருக்கும். அதை ஒரு மரக்குச்சியால் சுரண்டிக் கவரில் சேர்ப்பார். வெள்ளிக்கிழமைதோறும் பார்சல் நகரத்து ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அங்கே அதிலிருந்து மரபணுவைப் பிரித்து, இது எந்த ஓநாய், யாருடைய பிள்ளை, யாருக்கு உடன்பிறப்பு என்று சொல்லிவிடுவார்கள். ஓநாயைப் பிடிக்க வேண்டாம், மயக்க ஊசி வேண்டாம். பன்னிரண்டு வருடத்தில் அக்கா ஓநாயை நேரில் பார்த்தது ஏழே முறை. ஏழும் நேரத்தோடு பதிவேட்டில் இருக்கின்றன.

தபால் நிலையத்து எழுத்தர் பார்சலை இரண்டு விரலால் தூக்கித் தராசில் வைப்பார். “என்ன அக்கா, இந்த வாரம் சூடா, ஆறினதா?”

“உங்களுக்குன்னு தனியா ஒண்ணு எடுத்து வைக்கவா?” என்பார் அக்கா.

வீட்டில் இன்னும் மோசம். கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மாலையில் இருவரும் ஒரே குழாயடியில் நிற்பார்கள். “நான் கிரீஸ் கையோட வர்றேன், நீ அந்தக் கையோட வர்றே. பாவம்மா இந்த சோப்பு” என்பார். அவர் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், இந்த வீட்டுக்கு வந்தால் தண்ணீர்கூடத் தன் பாட்டிலில்தான் குடிப்பாள்.

அக்காவின் பெருமை சுத்தத்தில்தான் இருந்தது. ஒரு மாதிரிக்கு ஒரு கையுறை. ஒரு கையுறையை இரண்டாம் முறை தொட்டதில்லை. பதிவேட்டில் அதற்கென்றே ஒரு கட்டம்: ‘கையுறை — புதிது / பழையது’. 738 வரியிலும் ‘புதிது’தான். அது பொய்யும் இல்லை.

11.6.2011 அன்று அலுவலக வாசலில் ஒரு தெருநாய் வந்து படுத்தது. செம்பழுப்பு நிறம், ஒரு காது மடிந்தது. எல்லோரும் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கும், தான் எதுவும் செய்யாது. ஓட்டுநர் அதற்கு ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்தார். நாலாம் நாள் அது அக்காவின் பின்னால் நடக்கத் தொடங்கியது. இரண்டு வாரத்தில், எச்சம் இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து அக்காவைத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டது. அக்காவின் கண்ணுக்குத் தப்பியவை மேனேஜர் மூக்குக்குத் தப்பவில்லை.

அதன் பிறகுதான் எண்ணிக்கை ஏறியது. நாலாக இருந்தது ஏழாகி, ஒன்பதாகி, பதினொன்றானது. ரேஞ்சர் தன் மேசைக்குப் பின்னால் பலகையில் சிவப்பு மையால் 11 என்று எழுதி வைத்தார். வருகிறவர்களிடம் எல்லாம், “இதுக்கு முக்கால் காரணம் நம்ம கவர் அக்கா, கால் காரணம் மேனேஜர்” என்பார்.

20.1.2015 காலை ஆய்வுக்கூடத்தின் அறிக்கை வந்தது. ரேஞ்சர் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு அக்காவிடம் நீட்டினார்.

நாயா ஓநாயா என்று பிரித்துச் சொல்லும் புதுச் சோதனை ஒன்று வந்திருக்கிறது. 2013, 2014 இரண்டு வருடத்து 177 மாதிரிகளையும் அதில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். படிக்க முடிந்தவை 122. அவற்றில் 91 மாதிரிகளில் பாதி ஓநாய், பாதி நாய். பதினோரு ஓநாய்களில் ஆறு கலப்பு. ஆறுக்கும் தகப்பன் ஒரே ஆண் நாய்.

“ஒரே நாய், இவ்வளவு பெரிய குடும்பஸ்தனா?” என்றார் ஓட்டுநர். 

அக்கா அந்தக் காகிதத்தை அங்கேயே நின்றபடி மூன்று முறை படித்தார். ஆறுக்கும் அவர் தனித்தனி எண் வைத்திருந்தார். ஏழாம் எண் தெற்கு ஓடை, எட்டாம் எண் பழைய கல்குவாரி. பார்க்காமலேயே பழகிய முகங்கள் போல இருந்தவை. அவற்றின் உடம்பில் பாதி யாரோ ஒரு தெருநாய் என்பதை மனம் ஏற்கவில்லை.

பிப்ரவரி மூன்றாம் தேதி மேலிடத்து உத்தரவு வந்தது. கலப்பைப் பரவ விட்டால் ஓநாய் இனமே கரைந்துவிடும். கலப்பையும் அசலையும் கண்ணால் பிரிக்க முடியாது. எனவே கூட்டம் முழுவதையும் சுட்டு அகற்ற வேண்டும். பிறகு வேறு காட்டிலிருந்து அசல் ஓநாய்களைக் கொண்டுவந்து விடலாம். சுடும் குழு மார்ச் 2, திங்கட்கிழமை வேலையைத் தொடங்கும்.

“எல்லாத்தையுமா சார்?”

“எல்லாத்தையும்தான் அக்கா.”

“அந்த அஞ்சு என்ன பண்ணுச்சு?”

ரேஞ்சர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். “அந்த அஞ்சு எதுன்னு நீங்க கைகாட்டுவீங்களா? உங்களாலயே முடியாது.”

அதற்குள் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. தகப்பன் நாய் எது என்று கண்டுபிடிக்கச் சுற்றுவட்டாரத்து நாய்களின் எச்சிலைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அக்கா வீடு வீடாகப் போய் நாற்பத்தாறு நாய்களிடம் எடுத்தார். இரண்டு கடி வாங்கினார். பட்டியலில் மேனேஜரும் உண்டு, எண் 17. விட்டுவிட்டால் ஒழுங்காகாது என்று எடுத்தாரே தவிர வேறு எண்ணம் இல்லை.

13.2.2015 வெள்ளி மாலை ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். பன்னிரண்டு வருடமாகக் கவர்களைப் பிரிப்பவர் அவர்தான்.

“அக்கா, பதினேழாம் நம்பர் நாய் யாரோடது?”

“நம்மளோடதும்மா. ஆபீஸ் நாய். ஏன்?”

“அதுதான் தகப்பன். ஆறுக்கும். ஒரு சந்தேகமும் இல்லை.”

அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வீட்டில் போய்ச் சொன்னதும் கணவர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அக்காவின் பின்னாலேயே வந்து வாசலில் படுத்திருந்த மேனேஜரைப் பார்த்தார்.

“ஓநாய் வீட்டு மாப்பிள்ளையா நீ? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடா.”

“சும்மா இருங்க. அது எப்படிங்க முடியும்? இதுக்குத்தான் ஆபரேஷன் பண்ணியாச்சே.”

 அக்கா எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். கால்நடை மருத்துவர் கொடுத்த சீட்டு இருந்தது. கருத்தடை அறுவை, 2.8.2011. கலப்பு என்று சொன்ன ஓநாய்களில் மூத்தது முதன்முதலில் பதிவானது 2012இல். அதையும் புதுக் குட்டி என்றுதான் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

ஆய்வுக்கூடமும் பொய் சொல்லவில்லை, சீட்டும் பொய் சொல்லவில்லை. அந்த இரவு அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வழக்கம்போல நடை. காலை 6.50க்கு ஒன்பதாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் மேனேஜர் போய் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தது. இரவில் விழுந்த எச்சம், ஈரம் காயவில்லை. அக்கா அளவுகோல் வைத்தார். படம் எடுத்தார். உறையைப் பிரித்துப் புதுக் கையுறையை மாட்டி, விரல் விரலாக இழுத்து விட்டார். மேனேஜர் எப்போதும் போல மூக்கை எச்சத்துக்கு நீட்டியது. அக்காவின் வலது கை எப்போதும் போல அதன் வாயைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி, ஈர மூக்கில் இரண்டு தட்டு தட்டியது.

“போதும் சார். உங்க வேலை முடிஞ்சுது. நகருங்க.”

பிறகு அந்தக் கை மரக்குச்சியை எடுக்கப் போனது. பாதி வழியில் நின்றது.

அக்கா கையைத் திருப்பிப் பார்த்தார். புதுக் கையுறை. இரண்டு விரல் நுனியிலும் எச்சில் பளபளத்தது.

அன்றைய பதிவேட்டில் 6.50க்குப் பிறகு 8.15 வரை எதுவும் இல்லை. அந்த நேரம் முழுக்க அவர் அந்தக் கல்லின் மேல், கையை மடியில் படாமல் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். மூன்றரை வருடம். ஒவ்வொரு நாளும். கையுறையை மாட்டுவதற்கு முன்னால் அந்த மூக்கைத் தட்டியிருந்தால் போதும். மாட்டிய பிறகுதான் தட்டியிருக்கிறார், ஏனென்றால் மாட்டுகிற நேரத்தில்தான் அது மூக்கை நீட்டும். அதே விரலால் எச்சத்தின் மேல்தோலைப் பிடித்துச் சுரண்டியிருக்கிறார். பதிவேட்டில் கையுறைக்குக் கட்டம் இருந்தது, நாய்க்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் அக்காவும் கணவரும் 2013, 2014 வருடத்துப் பதிவேடுகள் இரண்டையும் விரித்தார்கள். நினைப்பு சரியா என்று பார்க்க அக்காவுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. மேனேஜருக்கு மழை என்றால் ஆகாது. தூறல் விழுந்தால் அன்றைக்கு விடுமுறை, அலுவலகப் படியை விட்டு இறங்காது. பதிவேட்டில் வானிலைக்குக் கட்டம் உண்டு. கணவர் அறிக்கையைப் பார்த்து மாதிரி எண்ணைப் படிக்க, அக்கா அந்த நாளைத் தேடினார்.

“அறுநூத்திப் பதினாலு. கலப்பு.”

“வெயில்.”

“அறுநூத்திப் பதினஞ்சு. அசல் ஓநாய்.”

“மழை.”

“அறுநூத்திப் பதினெட்டு. கலப்பு.”

“வெயில்.”

முதல் இருபது வரை கணவர் இடையிடையே ஏதாவது கேலி பேசினார். அதன் பிறகு எண்ணை மட்டும் படித்தார். மாலை நாலரைக்கு முடிந்தது. கலப்பு என்ற 91 மாதிரிகளும் மழையில்லாத நாட்களில் எடுத்தவை. அசல் ஓநாய் என்ற 31இல் 26 மழை நாட்களில் எடுத்தவை. மூன்று, செப்டம்பர் 18 முதல் 20 வரை மேனேஜர் காலில் முள் குத்தி மருத்துவமனையில் கிடந்த நாட்களில். மீதி இரண்டுக்குக் காரணம் தெரியவில்லை.

“ஏம்மா,” என்றார் கணவர் மெதுவாக. “சொல்லாம இருந்தா என்ன ஆகும்?”

“திங்கள்கிழமை தள்ளி ரெண்டாவது திங்கள்கிழமை சுட்டுருவாங்க.”

“சொன்னா?”

“என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லுவாங்க. பன்னெண்டு வருஷம் எடுத்த அத்தனையும் குப்பைன்னு சொல்லுவாங்க.”

கணவர் பதிவேட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். கிரீஸ் போகாத கை. “அப்போ நாளைக்கு நல்ல புடவையா கட்டிக்கிட்டுப் போ” என்றார்.

16.2.2015 திங்கள் காலை ஒன்பதரைக்கு அக்கா நாலு பக்கம் எழுதிய விளக்கத்தை ரேஞ்சர் மேசையில் வைத்தார். ரேஞ்சர் இரண்டாம் பக்கத்தில் நிமிர்ந்தார்.

“கையுறையோட நாயைத் தட்டுனீங்களா?”

“ஆமா சார்.”

“எத்தனை தடவை?”

“தெரியலை சார். எல்லாத் தடவையும்.”

ரேஞ்சர் திரும்பிப் பின்னாலிருந்த பலகையைப் பார்த்தார். சிவப்பு மையில் 11. “அக்கா, இது வெளியே போனா முதல்ல உருள்றது என் தலை. மழையில சாம்பிள் கெட்டுப் போச்சு, திரும்பப் பாருங்கன்னு ஒரு வரி எழுதிக் கேட்போம். நாய் பேச்சே வேண்டாம்.”

“மழையில எடுத்ததுதான் சார் நல்லா இருக்கு.”

 ரேஞ்சர் முத்திரையை எடுத்து விளக்கத்தின் மேல் குத்தினார். சத்தம் வெளியே வரை கேட்டது.

விளக்கத்தைப் படித்ததும் டாக்டரம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

“நாங்களும் தப்பு பண்ணியிருக்கோம் அக்கா. ஒரு மிருகத்தோட மரபணுவுல ஒரு இடத்துக்கு ரெண்டு குறிதான் இருக்கணும். அம்மாகிட்டயிருந்து ஒண்ணு, அப்பாகிட்டயிருந்து ஒண்ணு. உங்க சாம்பிள்ல சில இடத்துல மூணு வந்துச்சு. அழுக்குன்னு நெனச்சு மூணாவதைத் தள்ளிட்டோம்.”

“அப்போ எண்ணிக்கை?”

“அதுதான் எனக்கும் பயமா இருக்கு. ஒரு காகிதத்துல ரெண்டு பேர் மேல மேல எழுதுன மாதிரி அது. ஒரு தடவை இந்த எழுத்து தெரியும், இன்னொரு தடவை அந்த எழுத்து தெரியும். ஒரே ஓநாயை நாங்க மூணு ஓநாய்னு படிச்சிருக்கலாம். இப்போ உங்க நாயோட மரபணுக் குறி முழுசா எங்கிட்ட இருக்கு. அதை ஒவ்வொண்ணுலயும் கழிச்சுப் பார்க்கிறேன். பத்து நாள் குடுங்க.”

சுடும் குழுவினர் நாலு பேர் 24ஆம் தேதியே வந்து அலுவலகத்தின் பின் அறையில் தங்கிவிட்டார்கள். துப்பாக்கிகளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு மேனேஜரோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தப் பக்கம் போகவில்லை.

26.2.2015 வியாழன் மாலை 5.10க்குத் தொலைபேசி வந்தது. ரேஞ்சர் ஒலிபெருக்கியில் போட்டார்.

“கலப்பு ஒண்ணுகூட இல்லை” என்றார் டாக்டரம்மா. “எல்லாம் அசல் ஓநாய்.”

ஓட்டுநர் கைதட்டினார். அக்கா மட்டும் கேட்டார், “எத்தனைம்மா?”

“நாலு.”



“அஞ்சுன்னு சொன்னீங்களேம்மா. அசல் மட்டுமே அஞ்சு.”

“அதுல ஒண்ணு மழையில நைஞ்ச சாம்பிள், தப்பாப் படிச்சிருக்கோம். நாலுதான் அக்கா. நாலும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. தாயும் தகப்பனும் நாலு வருஷமா எதுலயும் வரலை, போய்ச் சேர்ந்திருக்கணும். ரெண்டு அண்ணன், ரெண்டு தங்கச்சி. இனிமே குட்டி போட்டா அவங்களுக்குள்ளதான். வெளியிலிருந்து ஒரு ஓநாய் வரலைன்னா ரொம்ப நாள் தாங்காது.”

மறுநாள் சுடும் உத்தரவு ரத்தானது. குழு வண்டி ஏறியது. அன்று மாலை ரேஞ்சர் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து அக்கா முன்னால் விரித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வடக்கு மலையில் வேறு ஓநாய்கள் இருக்கின்றன. இடையில் புது நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் ஆளுயர வேலி. சாலைக்கு அடியில் விலங்குகள் போய்வர அகலமான சுரங்கவழி ஒன்று வரைபடத்தில் இருந்தது. 9.4.2014 தேதியிட்ட கடிதம் அதை நீக்கியிருந்தது. காரணம் ஒரே வரி: ‘ஓநாய்களின் எண்ணிக்கை நான்கிலிருந்து ஒன்பதாக உயர்ந்துள்ளதால் இவ்வழி அவசியமில்லை.’

“இந்த ஒன்பது,” என்றார் ரேஞ்சர், “நம்ம இங்கேயிருந்து அனுப்புன ஒன்பது.”

அக்கா அந்த வரியை விரல் வைத்து இன்னொரு முறை படித்தார். மூக்கில் தட்டிய இரண்டு தட்டு அந்த வேலி வரை போயிருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. சுட வந்தவர்களை நிறுத்தியதில் பாவம் தீர்ந்தது என்று அந்த மாலை வரை நினைத்துக்கொண்டிருந்தார்.

வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, அதைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டார். மேனேஜருக்கு இடமாற்றம். கணவரோடு பணிமனைக்குப் போய் அங்கே எல்லோரையும் மேற்பார்வை பார்க்கத் தொடங்கியது. அக்கா பதிவேட்டில் அடிக்கோல் வைத்துப் புதுக் கட்டம் ஒன்று போட்டார்: ‘கையுறை மாட்டிய பின் தொட்டவை’. ஒவ்வொரு வரியிலும் ‘குச்சி, கவர்’ என்று எழுதினார். ஒருநாள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டதற்காக ‘குச்சி, கவர், மூக்குக்கண்ணாடி’ என்று எழுதி, அந்த மாதிரியையே தூக்கிப் போட்டார்.

நாலு என்ற எண்ணோடு ரேஞ்சரும் டாக்டரம்மாவும் எழுதிய பதினோரு கடிதங்களுக்குப் பிறகு சுரங்கவழி தோண்டப்பட்டு 11.2.2016 அன்று திறந்தது. அக்கா வாரம் மூன்று நாள் அந்தப் பக்கம் நடந்தார். பத்து மாதம் முயல், நரி, ஒரு தடவை தொலைந்துபோன ஆடு. 6.12.2016 அன்று தெற்கு வாயில் மணலில் ஓர் ஓநாய் எச்சம் எடுத்தார். மாதிரி எண் 863.

16.1.2017 அன்று டாக்டரம்மா கூப்பிட்டார். “அக்கா, உட்கார்ந்திருக்கீங்களா? 863 நம்ம நாலுல யாரும் இல்லை. புது ஓநாய்.”

அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  “யாருக்கும் சொல்லாதீங்கம்மா.”

“ஏன்?”

“என் கையா இருக்கும். எங்கேயோ எதையோ தொட்டிருப்பேன்.”

“இதுல நாய் இல்லை அக்கா. நான் பார்த்துட்டேன்.”

“அன்னைக்கும் பார்த்துத்தானேம்மா பதினொண்ணுன்னு சொன்னீங்க?”

 “சரி. இன்னும் ரெண்டு அனுப்புங்க. மூணும் ஒண்ணாச் சொன்னா எழுத்துல தர்றேன். அதுவரைக்கும் நாலுதான்.”

ரேஞ்சரிடம்கூட அக்கா சொல்லவில்லை. பலகையில் 4 அப்படியே இருந்தது. ஒன்பது வாரம் கணவரிடமும் வாய் திறக்கவில்லை. அவராகவே ஒருநாள் குழாயடியில், “என்னம்மா, கையை இப்படித் தேய்க்கிறே? தோல் உரிஞ்சிரும்” என்றார். 871ஆம் மாதிரியை எடுக்கும்போது ரேஞ்சரைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நிறுத்தி, “என் கையை மட்டும் பாருங்க சார், வேற எதையும் பார்க்காதீங்க” என்றார்.  874க்கும் அப்படியே.

ஆய்வுக்கூடத்தின் கடிதம் ஒரே பத்தி. 863, 871, 874 மூன்றும் ஒரே விலங்கு. பெண் ஓநாய், வடக்கு மலைக் கூட்டத்தைச் சேர்ந்தது. இங்குள்ள நான்கோடும் இரத்த உறவு இல்லை. மூன்றிலும் வேறெந்த விலங்கின் மரபணுக் குறியும் இல்லை. அக்கா அதைத் தபால் நிலையத்திலேயே பிரித்துப் படித்தார். எழுத்தர் கேலியாக ஏதோ கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

கடிதம் வந்து சேர்ந்த தேதி: 21.3.2017.